தோட்டக்காரர் கிரும்பிகல்

லால்பாக்கை ஒட்டிச் செல்லும் சாலை ஒன்றுக்குக் கிரும்பிகல் சாலை என்று பெயர். முதலாண்டு மாணவனாக நான் இவ்வூருக்கு வந்த புதிதில், அந்தப் பெயர்ப்பலகையைக் கன்னடத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'கல்' என்று முடிகிறதே, பூங்காவுக்குள் கிடக்கும் பெரும் பாறையின் பெயராகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டேன். ஊரிலிருந்து வந்த சித்தப்பாவுக்கு அந்தப் பாறையைக் காட்டி, இதுதான் கிரும்பிகல் என்று விளக்கமும் சொன்னேன். அது ஒரு மனிதரின் பெயர், அதுவும் ஒரு ஜெர்மானியரின் பெயர் என்று எனக்குத் தெரிய ஓராண்டு பிடித்தது. தெரிய வைத்தது என் இரைப்பு நோய்.

விடுதியில் எனக்குக் கிடைத்த அறை பெருஞ்சாலையைப் பார்த்தது. பன்னிரண்டடி நீளம், பத்தடி அகலம், ஒரே ஒரு சன்னல். சிறு வயது முதலே எனக்கு இரைப்பு உண்டு. ஊரில் மார்கழிப் பனியோடு வரும். தை பிறந்தால் போய்விடும். பெங்களூருக்கு வந்தபின் அதற்குப் பருவம் என்று ஒன்று இல்லாமற் போயிற்று. இந்நகரில் பதிவான வண்டிகள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. அவற்றுள் பாதி என் சன்னலுக்குக் கீழேதான் ஓடுகின்றனவோ என்று இரவில் தோன்றும்.

என் அறைத்தோழர் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். எதையும் அரைகுறையாகச் செய்ய அறியாதவர். அறைக்குள் செடி வைத்தால் காற்று தூய்மையாகும், நுரையீரல் வலுவாகும் என்று எங்கோ படித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் ஏழு தொட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார். மணி பிளாண்ட் மூன்று, ஸ்நேக் பிளாண்ட் என்று கடைக்காரர் சொன்னது இரண்டு, நம் ஊர் வேலியோரத்து மருளுக்கு உறவுதான், பெரணி ஒன்று, துளசி ஒன்று. காற்றைத் தூய்மை செய்ய ஏழு பேர் அமர்ந்துவிட்ட பிறகு தெருப் புழுதியை ஏன் உள்ளே விடவேண்டும்? சன்னலைச் சாத்தித் தாழிட்டோம். நாள்தோறும் காலையில் தண்ணீர், மாலையில் தண்ணீர். நண்பரின் பாசத்துக்கு அளவே இல்லை.

மூன்றாவது வாரம் ஓர் இரவு மூச்சு விடமுடியாமல் எழுந்து உட்கார்ந்தேன். இன்ஹேலரும் அன்று உடனே கைகொடுக்கவில்லை. விடிந்ததும் என்னைப் பார்த்த மருத்துவர் மருந்து எழுதும் முன்பு அறையைப் பற்றிக் கேட்டார். சன்னலைச் சாத்தியதையும் தொட்டிகளையும் சொன்னேன். அறைக்குத் திரும்பிப் பார்த்தால், ஈரம் காயாத தொட்டி மண்ணின் மேல் வெள்ளையாகப் பூசணம் படர்ந்திருந்தது. இரைப்புக்காரனுக்குப் பூசண வித்துகளைக் காட்டிலும் பொல்லாத விருந்தாளி அரிது. தொட்டிகள் தாழ்வாரத்துக்குப் போயின, சன்னல் திறந்தது.

நண்பர் சோர்ந்துபோனார். அவர் படித்தது முழுப் பொய்யும் அன்று. 1989-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவில் வுல்வர்ட்டன் என்பாரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். காற்றுப் புகாத சிறு பெட்டிகளுக்குள் செடிகளை வைத்து, பென்சீன் போன்ற நச்சு ஆவிகளை உள்ளே செலுத்தி, ஒரு நாள் கழித்து அளந்தார்கள். ஆவியின் அளவு குறைந்திருந்தது. விண்கலத்துக்காகச் செய்த அந்தச் சோதனை வீட்டுக்கு வந்துசேர்ந்தபோது, பெட்டி என்ற சொல் எங்கோ வழியில் உதிர்ந்துவிட்டது. வீடு என்பது மூடிய பெட்டி அன்று. சன்னலிலும் கதவிடுக்கிலும் காற்று ஓயாமல் போய்வந்துகொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட பல சோதனைகளையும் ஒன்றுசேர்த்துப் பிலடெல்பியா நகரத்து ஆய்வாளர் இருவர் 2019-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். இயல்பான காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்யவேண்டுமானால், தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் பத்துச் செடி முதல் ஆயிரம் செடி வரை வேண்டும் என்றது அக்கணக்கு. எங்கள் அறை ஏறத்தாழ பதினொரு சதுர மீட்டர். குறைந்த அளவை எடுத்துக்கொண்டாலும் நூற்றுப்பத்துத் தொட்டிகள். அவற்றை வைத்துவிட்டு நாங்கள் இருவரும் தாழ்வாரத்தில் படுக்கலாம்.

உயிர்வளிக் கணக்கும் அப்படியே. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் 1771-ஆம் ஆண்டு பிரீஸ்ட்லி என்னும் அறிஞர், மெழுகுவத்தி எரிந்து கெட்டுப்போன காற்றில் ஒரு புதினாத் தண்டை வைத்தார். சில நாளில் அக்காற்றில் மெழுகுவத்தி மீண்டும் எரிந்தது. செடிகள் காற்றைப் புதுப்பிக்கின்றன என்று உலகம் அறிந்தது அன்றுதான். ஆனால் அது மரமும் பயிரும் கடற்பாசியும் சேர்ந்து ஊழி ஊழியாகச் செய்துவரும் வேலை. ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 550 லிட்டர் உயிர்வளி வேண்டும். மேசை மேல் இருக்கும் மணி பிளாண்ட் தருவது அதில் மிகச் சிறு பங்கு. இரவில் செடி கரியமில வாயுவை விடுகிறதே, அருகில் படுக்கலாமா என்று அஞ்சுகிறவர்களுக்கும் இதே விடைதான். தொட்டிச் செடி விடுவதைக் காட்டிலும் பக்கத்துக் கட்டிலில் குறட்டை விடும் நண்பர் விடுவது பல மடங்கு அதிகம்.

அப்படியானால் செடிக்கும் நம் மூச்சுக்கும் உறவே இல்லையா? இந்தக் கேள்வியைத் தாவரவியல் பேராசிரியர் ஒருவரிடம் கேட்டேன். அவர் விடை சொல்லவில்லை. பெங்களூர்த் தெரு மரங்களைப் பற்றிய ஓர் ஆய்வுக் கட்டுரையைக் கையில் கொடுத்து, படித்துவிட்டுக் கிரும்பிகல் சாலை வழியாக ஒரு நடை நடந்துவிட்டு வரச் சொன்னார். அந்தப் பெயர் பாறைக்கு உரியது அன்று என்று அப்போது அறிந்து நான் அடைந்த வெட்கத்தை விரித்துரைக்க வேண்டா. கட்டுரைக்குப் பிறகு வருகிறேன். முதலில் மனிதர்.

குஸ்டாவ் ஹெர்மன் கிரும்பிகல் 1865-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஜெர்மனியில், டிரெஸ்டன் நகருக்கு அருகே லோமன் என்னும் ஊரில் பிறந்தார். கல்லூரிப் பட்டம் பெற்றுப் பதவிக்கு வந்தவர் அல்லர். மண்வெட்டி பிடித்துத் தொழில் பயின்றவர். சாக்சனி அரசர்களின் பில்னிட்ஸ் அரண்மனைத் தோட்டத்தில் பயிற்சி பெற்றார். பின்பு ஹாம்பர்க்கில் வேலை பார்த்தார். 1888-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அங்கே அவருக்கு இலண்டன் ஹைட் பூங்காவின் மலர்ப்பாத்திகளில் வேலை கிடைத்தது.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். நிலக்கரிப் புகையில் மூச்சுத் திணறிய நகரம் அக்காலத்து இலண்டன். ஹைட் பூங்கா போன்ற திறந்தவெளிகளை நகரத்தின் நுரையீரல் என்று சொல்வது அங்கே பல தலைமுறைகளாக வழங்கிய வழக்கு. அழகுக்காக மட்டும் பூங்கா என்ற எண்ணம் அந்நகரில் முன்பே மாறிவிட்டிருந்தது. ஏழை எளியவர் ஞாயிற்றுக்கிழமை வந்து இழுத்து மூச்சு விடும் இடம் அது. இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் அந்த நுரையீரலில் பூச்செடி நட்டுக்கொண்டு தம் தொழிலைத் தொடங்கினார்.

ஹைட் பூங்காவிலிருந்து கியூ தாவரத் தோட்டத்துக்குப் போனார். உலகெங்கும் உள்ள தோட்டங்களுக்கு அந்நாளில் ஆட்களை அனுப்பிவைத்த பெரும் பள்ளி கியூ. நம் லால்பாக்குக்கு வந்த காமரனும் அங்கிருந்து வந்தவரே. 1893-இல் பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாடின் தோட்டங்களைக் கவனிக்கக் கிரும்பிகல் இந்தியா வந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. சில ஆண்டு இருந்து பொருள் சேர்த்துக்கொண்டு திரும்பும் எண்ணத்தோடு வந்தாரோ என்னவோ, அவர் திரும்பவில்லை. பரோடாவில் பதினைந்து ஆண்டுகள் அளவில் கழிந்தன. கெய்க்வாடுக்கு நீலகிரியிலும் மாளிகை உண்டு. உதகைத் தோட்ட வேலையும் இவர் கைக்கு வந்தது. 1908-இல் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அழைக்க, பெங்களூர் வந்து லால்பாக்கின் பொறுப்பை ஏற்றார்.

அவர் வந்து சேர்ந்த ஊரையும் தோட்டத்தையும் சிறிது சொல்ல வேண்டும். லால்பாக் 1760-ஐ ஒட்டி ஹைதர் அலி தொடங்கி, திப்பு வளர்த்த தோட்டம். பெங்களூரின் தோட்டத் தொழிலில் பரம்பரை பரம்பரையாக ஈடுபட்டவர்கள் திகளர் என்னும் மக்கள். அவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஆண்டுதோறும் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிப் பேட்டையில் கரகம் எடுக்கிறார்களே, அவர்களேதான். லால்பாக்கின் பெருமையைப் பேசும்போது மன்னர்களையும் கியூவிலிருந்து வந்தவர்களையும் சொல்லி நிறுத்திக்கொள்வது நம் வழக்கம். மண்ணைக் கொத்தி நீர் பாய்ச்சிய கைகளில் தமிழ்க் கைகளும் இருந்தன என்பதை நம் சங்க இதழிலாவது எழுதி வைக்கலாம். கிரும்பிகலுக்கு முன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் லால்பாக்கை நடத்தியவர் ஜான் காமரன். 1889-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற கண்ணாடி மாளிகை அவர் காலத்தது.

ஊரோ அப்போதுதான் ஒரு பெரும் நோயிலிருந்து எழுந்திருந்தது. 1898-இல் பெங்களூரைப் பிளேக் தாக்கியது. பேட்டையின் நெருக்கமான சந்துகளில் மக்கள் செத்து விழுந்தார்கள்; உயிர் தப்பியவர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். நோய்க்கு எலித் தெள்ளு காரணம் என்பது மருத்துவ உலகிலேயே அப்போது முடிவாகவில்லை. கெட்ட காற்றும் நெரிசலும் இருளும் நோயை வளர்க்கும் என்பதே அக்கால நம்பிக்கை. அந்த அச்சத்திலே பசவனகுடியும் மல்லேசுவரமும் விரைந்து வளர்ந்தன. அகலச் சாலை, வீட்டுக்கு வீடு இடைவெளி, வெளிச்சம், காற்று. காரணம் தவறு, கட்டியது சரி. உலகத்தில் இப்படி நடப்பதும் உண்டு. காசநோய்க்கும் அந்நாளில் மருந்து கிடையாது. நல்ல காற்றே மருந்து. டாக்டர் சௌரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் தோப்பு நடுவே நிறுவிய சானடோரியம் அந்த நம்பிக்கையின் பிள்ளை. இன்று அது நம்மில் பலருக்கு ஓர் இரயில் நிலையத்தின் பெயர் மட்டுமே.

இப்படிப் புதிய அகலச் சாலைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த ஊரில் ஒரு தோட்டக்காரர் வந்து இறங்கினார். பூங்காவின் வேலியோடு தம் வேலை முடிந்தது என்று அவர் எண்ணவில்லை. சாலைக்கு மரம் நடுவது அவர் கண்டுபிடித்தது அன்று. அசோகன் காலம் தொட்டு அது நம் நாட்டு அறம். மைசூர்ச் சாலைகளில் ஆலும் புங்கமும் நாவலும் அவர் வருமுன்பே நின்றன. அவர் சேர்த்தது ஒரு பஞ்சாங்கத்தை. ஒரு சாலையின் மரங்கள் பூத்து ஓயும்போது அடுத்த சாலையின் மரங்கள் பூக்கத் தொடங்கவேண்டும். ஆண்டு முழுவதும் நகரின் ஏதாவதொரு பகுதி பூத்தபடி இருக்கவேண்டும். இதுதான் அவர் திட்டம். நம் ஊரில் கண்ணுக்குத் தெரிகிறதைச் சொன்னால் விளங்கும். ஆண்டுத் தொடக்கத்தில் தபேபுயா இலையுதிர்த்து இளஞ்சிவப்பாக நிற்கிறது. அது ஓயும்போது ஜகரந்தா ஊதாவாகத் தொடங்குகிறது. சித்திரையில் சரக்கொன்றையும் பெருங்கொன்றையும் மஞ்சள், குல்மொகர் சிவப்பு. ஐப்பசியில் மரமல்லி வெள்ளையாகச் சொரிந்து இரவெல்லாம் மணக்கிறது. நம்மில் எத்தனை பேர் தேர்வுக் காலத்தைக் குல்மொகரைக் கொண்டு அறிகிறோம்!

இந்தப் பஞ்சாங்கத்துக்கு வேண்டிய மரங்களைத் தேடி உலகத்தையே அவர் துழாவினார் எனலாம். கப்பல் தபாலில் விதை வரும், விதை போகும். லால்பாக்கிலிருந்து அவர் அனுப்பிய விதைகள் அமெரிக்க வேளாண்மைத் துறையின் பதிவேடுகளில் அவர் பெயரோடு குறிக்கப்பெற்றிருக்கின்றன. அழகு மரம் மட்டும் அவர் நாடியதன்று. சமஸ்தானத்துக்குப் பணம் தரும் பயிர், கனி, தீவனப்புல் எல்லாம் அவர் பொறுப்பில் இருந்தன.

1912-இல் மைசூர்த் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியதில் அவருக்குத் தலையாய பங்கு உண்டு. கண்ணாடி மாளிகையில் ஆண்டுதோறும் குடியரசு நாளுக்கும் சுதந்திர நாளுக்கும் மலர்க் கண்காட்சி பார்க்கக் கூட்டத்தில் நசுங்குகிறோமே, அந்த மரபைப் பேணியது இச்சங்கம். வீட்டில் ஒரு தொட்டியேனும் இல்லாத பெங்களூர்க் குடும்பம் அபூர்வம் என்று ஆனதற்கும் அச்சங்கம் ஒரு காரணம். ஆகவே தொட்டிச் செடிக்கு அவர் பகைவர் அல்லர். என் நண்பர் இதைக் கேட்டுச் சற்று ஆறுதல் அடைந்தார். ஆனால் தொட்டியைக் கண்ணுக்கு வைத்தார் கிரும்பிகல். காற்றுக்கும் நிழலுக்கும் அவர் கொண்டுபோய் வைத்தது தெருவில்.

வாழ்க்கை அவருக்கு மலர்ப்பாத்தியாகவே இருந்துவிடவில்லை. உலகப் போர் வந்தபோது அவர் ஜெர்மானியர் ஆனார். அதுவரை அவர் வெறும் தோட்டக்காரர். பிறந்த நாட்டுக்கு வெளியே பாதி வயதுக்குமேல் வாழ்ந்தவர், பிரிட்டிஷார் கண்ணில் பகைநாட்டுக் குடிமகன், காவலில் வைக்கப்பட்டார். எந்த ஊரின் தெருக்களுக்கு நிழல் வேண்டும் என்று மரம் நட்டாரோ அந்த ஊரில் தாம் நடமாட அனுமதி கேட்கவேண்டிய நிலை. இதை அவர் எப்படித் தாங்கினார் என்பதை அவர் பின்னும் செய்த வேலை சொல்கிறது. விடுபட்டபின் அவர் கசந்து கப்பலேறவில்லை. இங்கேயே இருந்தார், மீண்டும் தோட்டம் போட்டார்.

1932-இல் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் லால்பாக்கின் பொறுப்புக்கு வந்தவர் ஜவராயா என்னும் கன்னடத்தார். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர். அவருக்கும் பின்னே வந்தவர் மரிகௌடா. தாம் போனால் தம் தொழில் போகாதபடி ஆட்களைப் பழக்கிவிட்டுப் போவது பெரிய குணம். அது அவரிடம் இருந்தது. ஓய்வு என்பதும் பேச்சுக்குத்தான். திவான் மிர்சா இஸ்மாயில் ஊரை அழகுசெய்த நாட்களில் கிரும்பிகலின் யோசனை வேண்டியிருந்தது. கிருஷ்ணராஜசாகர் அணையடியில் உள்ள பிருந்தாவனத் தோட்டத்தின் அமைப்பிலும் அவர் கை உண்டு. நாடு விடுதலை பெற்றதைப் பார்த்தார். 1956-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள், தொண்ணூறாம் வயதில், பெங்களூரிலேயே காலமானார். ஓசூர்ச் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

இனிப் பேராசிரியர் கொடுத்த கட்டுரை. பெங்களூரின் தெருக்களில் மரம் உள்ள பகுதிகளையும் மரம் இல்லாத பகுதிகளையும் அளந்து, ஹரிணி நாகேந்திரா அம்மையாரும் அவருடைய கூட்டாளிகளும் 2013-இல் வெளியிட்டது. பிற்பகல் வெயிலில் மரமுள்ள தெருவின் காற்று 5.6 பாகை வரை குளிர்ச்சியாக இருந்தது. தார்ச் சாலையின் மேற்பரப்பு 27.5 பாகை வரை குறைவு. வெறுங்காலோடு நடந்த யாருக்கும் இதற்கு வெப்பமானி தேவையில்லை. ஆனால் என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது அடுத்த வரி. மரமுள்ள தெருக்களில் கந்தக டையாக்சைடு 65 விழுக்காடு குறைந்திருந்தது. மிதக்கும் புழுதியோ, மரமற்ற தெருக்களில் பாதி இடங்களில் அனுமதித்த அளவைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. மரமுள்ள தெருக்களில் பெரும்பாலானவை அளவுக்குள்ளேயே இருந்தன. கந்தக டையாக்சைடு மூச்சுக்குழாயைச் சுருக்குவது. புழுதி அதை எரிச்சலூட்டுவது. இரண்டும் இரைப்புக்காரனின் பழைய எதிரிகள்.

இதன் செயல்முறை எளியது. ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரத்தின் இலைகளையெல்லாம் தரையில் பரப்பினால் விளையாட்டுத் திடலளவு வரும். காற்று அவற்றின் ஊடே நுழையும்போது புழுதி இலையில் ஒட்டுகிறது. மழை வந்து கழுவி மண்ணில் சேர்க்கிறது. இலை ஆவியாக்கும் நீர் காற்றைக் குளிர்விக்கிறது. மணி பிளாண்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு இருப்பது இருபது இலை. காற்று வந்து மோதாத மூலையில் அதை நாம் வைக்கிறோம்.

மரங்களைப் பற்றி நல்லதையே சொல்லிக்கொண்டு போனால் நான் இரைப்புக்காரன் ஆகமாட்டேன். மரமும் தும்மல் தரும். மகரந்தம் உதிரும் காலத்தில் என் மூக்கே அதற்குச் சாட்சி. வெற்று மனைகளில் மண்டிக்கிடக்கும் பார்த்தீனியம் இவ்வூரில் எத்தனையோ பேரைத் தும்ம வைக்கிறது. அதுவும் பச்சைச் செடிதான். குறுகிய தெருவில் கிளைகள் மேலே கூரைபோல் மூடிக்கொண்டால், கீழே ஓடும் வண்டிகளின் புகை வெளியேற வழியின்றித் தங்குவதும் உண்டு. கிரும்பிகல் காலத்துத் திட்டத்திலும் குறை காணலாம். அழகுக்காகக் கொண்டுவந்த வெளிநாட்டு மரங்களுள் சில மெல்லிய கட்டை; கோடை மழைக் காற்றில் குல்மொகர் முறிந்து காரின் மேல் விழுந்தது என்று ஆண்டுதோறும் செய்தி வருகிறது. புங்கமும் நாவலும் இன்னும் மிகுதியாய் நின்றிருக்கலாமே என்பது என் ஆசை. எந்த மரமும் இன்ஹேலருக்கு மாற்று அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரேனும் மருந்தை நிறுத்தினால் எனக்கு நிம்மதி இராது.

இன்று நாம் காணும் மரமெல்லாம் அவர் நட்டவை என்று எண்ணுவதும் பிழை. 1980-களில் நெகின்ஹால் என்னும் வனத்துறை அதிகாரி பதினைந்து இலட்சம் மரங்கள் நடுவித்தார். நம் தலைக்கு மேலுள்ள நிழலில் பெரும்பங்கு அவருடையது. கிரும்பிகலைப் போல் அவர் பெயரும் மாணவர் நாவில் வருவதில்லை. நட்டதைக் காத்தவர்களும் உண்டு. 2016-இல் உருக்கு மேம்பாலம் ஒன்றுக்காக எண்ணூற்றுக்கு மேற்பட்ட மரங்களை வெட்ட ஏற்பாடாகியபோது ஊர்மக்கள் சாலையோரத்தில் கைகோத்து நின்றார்கள். 2017 மார்ச்சில் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் எல்லா மரத்துக்கும் அந்த நற்பேறு வாய்ப்பதில்லை. சாலை அகலமாகும்போது முதலில் போவது மரம்.

இது எனக்கு வெறும் செய்தியாக இல்லாமற் போனது சென்ற ஆண்டுதான். என் சன்னலைத் திறந்ததும் எதிரே நிற்பது ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் கிளை மூன்றாம் மாடிவரை வந்து எங்கள் அறைக்கும் பெருஞ்சாலைக்கும் நடுவே திரைபோல் விரிந்திருக்கிறது. தொட்டிகளை வெளியேற்றிய பின் என் மூச்சு சற்றுத் தேறியது. அதற்கு மருந்து எவ்வளவு காரணம், மரம் எவ்வளவு காரணம் என்று பங்கு பிரிக்க நான் முயலவில்லை. ஆனால் ஒரு காலையில் அம்மரத்தின் அடியில் வெள்ளை வர்ணத்தில் ஓர் எண் எழுதியிருந்ததைக் கண்டபோது நெஞ்சு திக்கென்றது. எண் இட்ட மரம் வெட்டப்படும் என்பது இவ்வூரில் குழந்தைக்கும் தெரியும்.

என் அறைத்தோழர் அரைகுறையாகச் செய்ய அறியாதவர் என்று முன்பே சொன்னேன். ஏழு தொட்டிகளின்மேல் காட்டிய அக்கறை அத்தனையும் இப்போது அந்த ஒரு மரத்தின்மேல் பாய்ந்தது. விடுதி முழுவதும் கையொப்பம் வாங்கினார். மர அதிகாரிக்கு ஆட்சேபம் எழுதினார். கன்னடம் தெரிந்த நண்பர்களைக் கூட்டி மனுவைக் கன்னடத்தில் எழுதச்செய்தார். கர்நாடகத்தில் மரங்களைக் காக்க 1976-ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதும், அனுமதியின்றி வெட்டக்கூடாது என்பதும், வெட்டுவதற்கு எதிராகப் பொதுமக்கள் முறையிடலாம் என்பதும் அந்த மனுவால்தான் எங்களில் பலருக்குத் தெரிந்தது. கையொப்பமிட்டவர்களில் தமிழர் பாதி, கன்னடத்தார் பாதி. காவிரியைப் பற்றிப் பேசினால் சூடாகிவிடும் இரு நண்பர்கள் அந்தத் தாளில் மேலும் கீழுமாகக் கையொப்பமிட்டிருந்தார்கள்.

மனுவுக்கு இன்னும் விடை வரவில்லை. மரம் இன்னும் நிற்கிறது. எண்ணும் அழியவில்லை.

சென்ற பிப்ரவரியில் ஒரு மாலை நாங்கள் இருவரும் ஓசூர்ச் சாலைக் கல்லறைத் தோட்டத்தின் பக்கம் போனோம். வழியெல்லாம் தபேபுயா பூத்திருந்தது. பேருந்துகளும் லாரிகளும் எழுப்பிய புழுதிக்கு நான் முகத்தில் துணி கட்டிக்கொண்டிருந்தேன். திரும்பும்போது நாற்றுப்பண்ணையைக் கண்டதும் நண்பரின் கால் தானாகவே நின்றது. நான் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ப் புங்கங்கன்று ஒன்றை வாங்கி வந்தார். விடுதி மதிலுக்கு வெளியே, அந்தத் தூங்குமூஞ்சிக்குப் பத்தடி தள்ளிக் குழி தோண்டி அதை நட்டோம். தாழ்வாரத்தில் இருந்த மணி பிளாண்டுக்குப் போட்டதில் மிச்சமிருந்த எருவை அதற்குப் போட்டார். ஆடு மேயாமல் இருக்க முள் வேலி கட்டினோம். இப்போது எங்கள் முழங்கால் உயரம் இருக்கிறது.